2.5 லட்சம் வருமானம், 10 ஏக்கர் புன்செய்... கம்ப்யூட்டர் எப்படி வடிகட்டுது? எஸ்.கியூ.எல். நிபந்தனைகள் ஒரு பார்வை

2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 1.63 கோடி. தேர்வானது 1.06 கோடி பேர். இவ்வளவு பெரிய பட்டியலில் தகுதியானவர்களை மட்டும் எப்படிப் பிரிப்பது? டேட்டாபேஸ் மொழியான எஸ்.கியூ.எல்.-ல் இதற்கு இருக்கும் சொல் 'வேர்'. மரத்தோட வேர் இல்லைங்க, 'எங்கே' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்.

அந்தத் திட்டத்தின் சில நிபந்தனைகளை வைத்து, ஒரு உதாரணத்துக்கு நாமே எழுதிப் பார்ப்போம்:

வேர் மாவட்டம் = 'பெரம்பலூர்' அண்டு வருமானம் < 250000 அண்டு நன்செய் < 5 ஆர் புன்செய் < 10

'அண்டு' என்றால் இரண்டும் பொருந்தணும். 'ஆர்' என்றால் ஏதாவது ஒன்று போதும். படிக்க சரியாத்தான் தெரியுது. ஆனால் கம்ப்யூட்டர் 'அண்டு'களை முதலில் சேர்த்துவிட்டு, 'ஆர்'-ஐ தனியாக எடுத்துக்கொள்ளும். விளைவு? 2 ஏக்கர் புன்செய் வைத்திருந்தால் போதும், வருமானம் 10 லட்சம் என்றாலும் லிஸ்ட்டில் பெயர் வந்துவிடும். அரியலூர்க்காரரும் பெரம்பலூர் லிஸ்ட்டில் இருப்பார்! நில நிபந்தனைகள் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டால் பிரச்னை தீர்ந்தது.

மாவட்டப் பெயரிலேயும் ஒரு சிக்கல் உண்டு. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, 2002-ல் மறுபடியும் பெரம்பலூரோடு இணைந்து, 2007 நவம்பர் 23-ல் மீண்டும் பிரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் பதிவில் செந்துறையும் உடையார்பாளையமும் 'பெரம்பலூர்' என்றே இருக்கலாம். பழைய டேட்டாவில் தேடும்போது தாலுகா பெயரை வைத்துத் தேடுவதே நல்லது.

இதைவிட மோசமானது காலிக் கட்டம். சொந்த நிலமே இல்லாத ஒரு பெண், நிலம் கேட்ட இடத்தை நிரப்பாமல் விட்டுட்டாங்கன்னு வைங்க. நமக்கு அது பூஜ்யம். எஸ்.கியூ.எல்.-க்கு அது 'நல்', அதாவது மதிப்பு தெரியாது. தெரியாத ஒன்று 10-ஐவிடக் குறைவா என்று கேட்டால் 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது. 'ஆம்' வந்தால்தான் லிஸ்ட்டில் இடம். அவர் பெயர் விழுந்துவிடும். நிபந்தனையை 'நாட்' போட்டுத் திருப்பி, தகுதியில்லாதவர்களைத் தேடினாலும் அவர் வரமாட்டார். இரண்டு லிஸ்ட்டிலும் ஆளே இல்லை!

2023-ல் நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளில் இ-சேவை மையம் வழியாக கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. நம் உதாரணப் பெண்ணோ நிராகரிப்புப் பட்டியலிலேயே இல்லை. எனவே 'புன்செய் இஸ் நல்' என்று தனியாகத் தேடி, அப்படி வருகிறவர்களை ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும். '= நல்' என்று எழுதினால் ஒருத்தர் பெயர்கூட வராது.