திருடனுக்கு ஒரு கண்ணாடி. குழந்தைக்கு ஒரு கண்ணாடி!

புது வீடு கட்டுவோர் கவனத்துக்கு

ஆண்டிபட்டி:-

ஆடி மாதம் வந்துவிட்டால் ஆண்டிபட்டியில் கதவு, ஜன்னலைச் சாத்துவதே பெரிய வேலை. ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, வீட்டு ஜன்னலையும் சும்மா விடுவதில்லை. கொக்கி போட மறந்தால் "படார்" என்று ஒரு சத்தம். அடுத்து, "போச்சு, கண்ணாடி போச்சு!" என்று வீட்டுக்காரர் குரல்.

அந்தக் காலத்தில் ஜன்னல் கண்ணாடி ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். கூட்டித் தள்ளிவிட்டு வேறு மாட்டிவிடுவார்கள்.

இப்போது அப்படி இல்லை. கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி. குளியலறைக் கதவு கண்ணாடி. மாடிப்படிக் கைப்பிடியும் கண்ணாடி. உடைந்தால் நஷ்டம் பணத்தோடு போகாது. உயிருக்கே வினையாகலாம்.

வங்கியில் நடந்த விபரீதம்

2020-ம் ஆண்டு ஜூன் மாதம். மலைக்கு அந்தப்புறம், கேரள மாநிலம் பெரும்பாவூரில் ஒரு வங்கி. அங்கு வந்த ஒரு பெண் அவசரமாக வெளியே ஓடினார். எதிரே கண்ணாடிக் கதவு இருந்தது அவர் கண்ணில் படவில்லை. ஓடிய வேகத்தில் மோதினார். கதவு உடைந்தது. கண்ணாடித் துண்டு வயிற்றில் குத்தியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் உயிர் பிழைக்கவில்லை.

சாதாரணக் கண்ணாடியின் குணமே அதுதான். உடைந்தால் கத்தி போல நீள நீளமாக உடையும். கனம் கூடினால், துண்டும் கனத்த கத்தியாகும்!

கடையில் நடக்கும் பேச்சு

கண்ணாடிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:-

"அண்ணே, திருட்டுப் பயமா இருக்கு. கெட்டிக் கண்ணாடியாக் குடுங்க."

"டஃபன் போட்டுருங்க தம்பி. லேசுல உடையாது!"

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மைதான். அந்த மற்றப் பாதியில்தான் திருடன் நுழைகிறான்!

டஃபன் என்பது என்ன?

சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சி, இருபுறமும் வேகமாகக் காற்றடித்துக் குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு இறுகும்போது மேற்பரப்பைப் பிடித்து இழுக்கும். அந்த இறுக்கத்தால், அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம் வந்துவிடும்.

உடைந்தாலும் கல்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிரும். சிராய்ப்பு வரலாம், வயிற்றில் பாயாது. ஆகவே பிள்ளைகள் ஓடியாடும் இடம், வழுக்கும் குளியலறை, தரையைத் தொடும் ஜன்னல் ஆகியவற்றுக்கு டஃபன்தான் ஏற்றது.

ஆனால் திருடனுக்கு? முகத்தில் அடித்தால் தாங்கும் இந்தக் கண்ணாடி, ஓரத்தில் கூர்முனை பட்டால் மொத்தமாகக் கொட்டிவிடும். ஒரே நொடியில் வாசல் திறந்த மாதிரிதான். கையில் கீறல்கூட படாமல் உள்ளே வரலாம்!

காரைப் பாருங்கள்

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள, விபத்தில் சிக்கிய காரைப் பார்த்தாலே போதும். பக்கக் கண்ணாடி ரோட்டில் பொடியாகக் கிடக்கும். அது டஃபன். முன் கண்ணாடி சிலந்தி வலை போல விரிசல் விட்டும் கீழே விழாமல் நிற்கும். அது லேமினேட்டட். திருடனை மறிப்பது இந்த இரண்டாவது ரகம்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் தாளை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியது இது. அடித்தால் கண்ணாடி உடையும், தாள் பிடித்துக்கொள்ளும். ஓட்டை போட வேண்டுமானால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். சத்தம் தெருவுக்கே கேட்கும். சத்தமும் தாமதமும்தானே திருடனுக்கு எமன்!

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. 1903-ல் பிரான்ஸ் நாட்டு பெனடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர சிதறவில்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த ரசாயனப் படலம்தான் காரணம். 1909-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

கனம் கண்ணாடியில் இல்லை

நடுத்தாளின் ஒரு படலம் 0.38 மில்லிமீட்டர். திருட்டுக்குப் பயந்து வாங்குவோர் இரண்டு படலம் (0.76), நான்கு படலம் (1.52) என்று கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடி கனத்தைவிடத் தாளின் கனமே முக்கியம்.

ஐரோப்பாவில் இதற்குக் கடும் சோதனை உண்டு. 4 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள இரும்புக் குண்டைக் கண்ணாடி மீது போடுவார்கள். முதல் தரத்துக்கு ஒன்றரை மீட்டர் உயரம். நான்காம் தரத்துக்கு 9 மீட்டர். மூன்று முறை போட்டும் குண்டு மறுபுறம் போகக்கூடாது. இன்னும் உயர்ந்த தரங்களுக்குக் கோடாரி வெட்டுச் சோதனையும் உண்டு!

மாடிக் கைப்பிடிக்கு, டஃபன் கண்ணாடிகளையே லேமினேட் செய்தது நல்லது. உடைந்த துண்டு கீழே நிற்பவர் தலையில் விழாது.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

டஃபன் கண்ணாடியைப் பிறகு அறுக்க முடியாது. துளையும் போட முடியாது. அறுத்தால் அவ்வளவும் பொடிதான். ஆகவே சட்டம் மாட்டிய பிறகு அளவெடுத்து ஆர்டர் கொடுங்கள். "வீட்டுக்கு வந்து அறுத்து மாட்டித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அது டஃபன் அல்ல!

மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553. லேமினேட்டட் என்றால் ஓரத்தைப் பாருங்கள்; இரண்டு கண்ணாடிக்கு நடுவே கோடு தெரியும்.

பழைய ஜன்னலை மாற்ற வசதி இல்லையா? பாதுகாப்பு பிலிம் ஒட்டலாம். ஓரம் வரை ஒட்டிச் சட்டத்தோடு பிணைத்தால்தான் பலன். வெயிலுக்கு ஒட்டும் கறுப்புத் தாள் வேறு; அது திருடனைத் தடுக்காது.

கம்பியைக் கழற்றாதீர்கள்

கண்ணாடி எத்தனை பலமாக இருந்தாலும் சட்டமும் பூட்டும் சொத்தை என்றால் பயனில்லை. தள்ளு ஜன்னலைப் பாதையிலிருந்து தூக்கிக் கழற்ற முடிகிறதா என்று நீங்களே ஒரு முறை முயன்று பாருங்கள். கதவில் கண்ணாடி இருந்தால், கை எட்டும் தூரத்தில் தாழ்ப்பாள் வேண்டாம்.

"பார்வைக்கு அசிங்கம்" என்று இரும்புக் கம்பியை எடுத்துவிட்டு வெறும் டஃபனை நம்புவது தவறு. அதே சமயம், தீப்பிடித்தால் தப்பிக்க, உள்ளிருந்து திறக்கும் ஒரு ஜன்னலாவது வேண்டும். லேமினேட்டட் கண்ணாடியை நீங்களும் லேசில் உடைக்க முடியாது!

பெரிய கண்ணாடிக் கதவில், கண் மட்டத்தில் ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் கண் மட்டத்திலும் இன்னொன்று. காசு அதிகம் ஆகாத காரியம் இது. கதவு இருப்பது கண்ணில் பட்டாலே பாதி விபத்து குறையும்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஜன்னலில் எனக்குப் பயம் வெளியே இருந்து வருபவனா, உள்ளே ஓடும் பிள்ளையா? பதில் தெரிந்தால், எந்தக் கண்ணாடி என்பதும் தெரிந்துவிடும்.