விமான நிலையத்துக்கும் தீவுக்கும் நடுவே

மாலத்தீவுக்குப் போவதென்று ஒரு குடும்பம் தீர்மானித்துவிட்டால், முதலில் ரிசார்ட்டின் படங்களைப் பார்ப்பார்கள். பிறகு விமான டிக்கெட்டின் விலையை விசாரிப்பார்கள். விமானத்தை விட்டு இறங்கியபின் அந்த ரிசார்ட்டுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்ற கேள்வியை மட்டும், ஊட்டிக்கும் கோவாவுக்கும் போய்ப் பழகியவர்களாதலால், வாசலில் ஒரு டாக்ஸி அகப்படாமலா போகும் என்ற நம்பிக்கையில் கடைசிக் காரியமாகத் தள்ளி வைத்துவிடுவார்கள். மற்ற ஊர்களுக்கு இந்த வரிசை பொருந்தலாம், மாலத்தீவுக்குப் பொருந்தாது. கடைசிச் சில மைல்களை எந்த வாகனத்தில், எந்த வேளையில் கடக்கப் போகிறோம் என்பதை முதலில் நிர்ணயித்துக்கொண்டு, அதற்கு இசைந்த தீவையும், அதற்கு இசைந்த விமானத்தையும் பின்னால் தேடுவதே அங்கே உசிதமான முறை என்று நான் திடமாக நம்புகிறேன்.

இதற்குக் காரணம் அந்த நாட்டின் அமைப்பு. 1,192 தீவுகள் என்று வழக்கமாகக் கணக்குச் சொல்லப்படும் மாலத்தீவு, இந்து மகா சமுத்திரத்தில் வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குச் சிதறிக் கிடக்கிறது. மக்கள் குடியிருப்பவை அவற்றில் ஏறக்குறைய 200 தீவுகளே. எரிமலைத் தீவுகள் மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அவற்றின் கரையைச் சுற்றி வளர்ந்த பவளப்பாறை மட்டும் வெளிச்சத்தை நாடி மேலே வளர்ந்துகொண்டே வந்து, நடுவே ஆழமில்லாத நீரைச் சூழ்ந்த வளையமாக எஞ்சி நிற்கிறது என்று சார்லஸ் டார்வின் 1842-இல் எழுதினாரே, அந்தப் பவள வளையங்களின் மேல்தான் இத்தனை தீவுகளும் அமைந்திருக்கின்றன. வளையத்துக்குள்ளே கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே ஆழ்கடலின் அலை வீசும். உல்லாசப் பிரயாணிகளுக்கென்று ஒதுக்கிய தீவுகளில் பொதுவாக ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். அங்கே ஊரும் இல்லை, கடைத்தெருவும் இல்லை, வெளியிலிருந்து வந்து சேரும் சாலையும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து தோணிகளிலும் கப்பல்களிலும் போய் இறங்கும் வெங்காயமும் காய்கறியும்கூட, மறுபடி ஒரு படகில் ஏறித்தான் அந்தச் சமையலறைகளை அடைய வேண்டியிருக்கிறது.

தலைநகரான மாலே, கட்டடங்களால் நெருக்குண்ட மிகச் சிறிய தீவு. விமானம் இறங்க அதில் இடம் ஏது? ஆகையால் பக்கத்திலிருந்த ஹுல்ஹுலே என்ற தீவில், 1960-இல் இரும்புத் தகடுகளைப் பரப்பி ஓர் ஓடுபாதை அமைத்தார்கள்; 1966-இல் அது தார்ப் பாதையாயிற்று. இன்று வெலானா சர்வதேச விமான நிலையம் என்று வழங்குவது அதுவே. 2018-இல் திறக்கப்பட்ட சினமாலே பாலத்தின் வழியாக மாலேக்கும், ஹுல்ஹுமாலே என்ற புது நகரத்துக்கும் காரில் போகலாம். காரின் ராஜ்யம் அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. வந்திறங்கும் கூடத்தை விட்டு வெளியே வந்து ரஸ்தாவைத் தாண்டினால், எதிரே இருப்பது படகுத்துறைதான்.

1972-இல் முதல் ரிசார்ட்டான குரும்பா திறக்கப்பட்டபோது, அதற்கு விமான நிலையத்திலிருந்து படகில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். தோணி போய்ச் சேரும் தூரமே உல்லாசப் பிரயாணத்தின் எல்லையாக இருந்த காலம் அது. அதற்கு அப்பால், அழகில் எவ்வகையிலும் குறைந்திராத நூற்றுக்கணக்கான தீவுகள், எட்டாத தொலைவில் இருக்கும் ஒரே காரணத்தால் வெளியுலகத்தாரின் கண்ணுக்குப் படாமலே இருந்தன. 1989-இல் ஹெலிகாப்டர் வந்தது. 1993-இல் கடல் விமானம் வந்தது. தொலைவிலிருந்த வளையங்கள் பலவும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கின. ஆகவே இந்த நாட்டில் எந்தத் தீவில் ரிசார்ட் எழுவது என்பதையே பெரும்பாலும் வாகனந்தான் தீர்மானித்து வந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று பிரயாணிக்கு மூன்று மார்க்கங்கள் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வடக்கு மாலே, தெற்கு மாலே வளையங்களில் இருக்கும் தீவுகளுக்கு, தூரத்துக்குத் தக்கபடி பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி வரையில் ஸ்பீட் போட்டில் போகலாம். தெற்கிலும் வடக்கிலும் தொலைவில் உள்ளவற்றுக்கு, உள்நாட்டு விமானத்தில் அட்டுவிலுள்ள கானுக்கோ, பா வளையத்திலுள்ள தரவந்தூவுக்கோ, இவை போன்ற வேறொரு சிறிய நிலையத்துக்கோ பறந்து, அங்கிருந்து படகேற வேண்டும். உள்நாட்டு விமானம் இருட்டிய பிறகும் பறக்கும் என்பது இதன் பெரிய சௌகரியம். மூன்றாவது, எல்லோரும் ஆசைப்படுவதும், எல்லோரும் சரியாக விளங்கிக்கொள்ளாததுமான கடல் விமானம்.

கனடாவில் செய்யப்பட்ட ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் சக்கரங்களைக் கழற்றி, இரண்டு பெரிய மிதவைகளைப் பூட்டியிருப்பார்கள். உள்ளே ஏறக்குறைய பதினைந்து பேர் உட்காரலாம். விமானியின் காலில் செருப்பு இராது. குளிர்சாதனம் கிடையாது; இரைச்சல் அதிகமாதலால் காதில் வைக்கப் பஞ்சு போன்ற ஒன்றைக் கொடுப்பார்கள். இந்த அசௌகரியங்களெல்லாம், நீரைக் கிழித்து ஓடிய விமானம் எழும்பி, கருநீலக் கடலுக்கு நடுவே வெளிர்பச்சை வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றத் தொடங்கியதும் மறந்துபோகும். பெரிய ஜெட் விமானத்தின் உயரத்திலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகளாகத் தெரியும் பவளத் திட்டுக்களின் மடிப்பும், மணல் மேடும், திட்டுக்களைப் பிளந்து செல்லும் ஆழ்ந்த கால்வாய்களும், இந்தத் தாழ்ந்த உயரத்தில்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தத்தோடு விளங்குகின்றன. டார்வின் சொன்ன வளையத்தைப் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஒரு பள்ளிப் பிள்ளை, அதை ஒரே பார்வையில் முழுதாகக் கண்டுகொள்ளக்கூடிய ஜன்னல் அது. வசதியுள்ளவர்கள் ஒரு தரமாவது இந்த மார்க்கத்தில் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இந்த விமானத்துக்கு எஜமானன் சூரியன். தண்ணீரின் மேல் ஓடுபாதை விளக்குகள் கிடையா. அலையின் போக்கையும், குறுக்கே வரும் படகையும், நீருக்கடியில் இருக்கும் பாறையையும் விமானி தம் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும். ஆதலால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே கடல் விமானம் பறக்கும். கடைசித் தீவை அடைந்து திரும்பவும் வெளிச்சம் வேண்டியிருப்பதால், பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கு மேல் மாலேயிலிருந்து பொதுவாகக் கிளம்புவதில்லை. ஐந்து மணிக்கு வந்திறங்கும் மலிவான டிக்கெட்டை வாங்கிவிட்ட ஒருவர், ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட ரிசார்ட் அறை அன்றிரவு காலியாய்க் கிடக்க, ஹுல்ஹுமாலேயில் வேறொரு அறைக்கும் பணம் கொடுத்து விடியும் வரை காத்திருக்க நேரும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது இதில் போய்விடும். விடுமுறையில் ஒரு நாளும் கூடவே போய்விடும். ஆகவே நேர் விமானமோ, கொழும்பில் மாறிப் போகும் விமானமோ, எதுவானாலும் மத்தியானத்துக்குள், மிஞ்சினால் இரண்டு மணிக்குள் மாலேயில் இறங்குவதைத் தேர்ந்தெடுப்பதே க்ஷேமம்.

இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கடல் விமானத்துக்கு ரயிலுக்கு இருப்பது போன்ற அட்டவணை கிடையாது. மறுநாள் எந்தெந்தத் தீவுக்கு எத்தனை பேர் என்று கணக்குச் சேர்ந்த பிறகு, முதல் நாள் சாயங்காலந்தான் புறப்பாட்டு நேரங்களை வகுக்கிறார்கள். ஒரே விமானம் வழியில் இரண்டு மூன்று தீவுகளில் இறங்கி ஏறுவதும் சகஜம். இரண்டு மணி நேரம் வரையில் காத்திருக்க வேண்டி வரலாம் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டால் கோபத்துக்கு இடமிராது. கடல் விமான நிலையத்தில் பல ரிசார்ட்டுகள் தங்கள் விருந்தினருக்குத் தனிக் கூடம் வைத்திருக்கின்றன. சாமான் விஷயத்தில் கண்டிப்பு அதிகம். மிதவைகளின் கனத்தையும் சுமக்கும் விமானமாதலால், ஒருவருக்குப் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது வழக்கமான வரம்பு. மிஞ்சியதற்குக் கட்டணமும் உண்டு, சில சமயம் அது அடுத்த விமானத்தில் பின்னால் வருவதும் உண்டு. மருந்து, குழந்தையின் பால்பொடி, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது அவசியம்.

ஸ்பீட் போட்டில் பொதுப் படகு, தனிப் படகு என்று இரண்டு வகை. பொதுப் படகு வேறு விமானங்களில் வரும் விருந்தினர்களுக்காகவும் காத்திருக்கும். தனிப் படகு நமக்காக மட்டும் வந்து, நாம் ஏறியதும் கிளம்பும். தம்பதிகளாகப் போகிறவர்கள் பகலில் பொதுப் படகில் போவதில் ஒரு குறையும் இல்லை. வயோதிகப் பெற்றோரும் கைக்குழந்தையும் சேர்ந்த குடும்பமாக இருந்து, நள்ளிரவில் வந்திறங்குவதாகவும் இருந்தால், கிட்டத்திலுள்ள தீவொன்றைத் தெரிந்தெடுத்து, தனிப் படகுக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தை நான் வீண் செலவாகக் கருதமாட்டேன். தனியாக அமர்த்திய கடல் விமானமானாலும் பகலில்தான் பறக்கும். பணத்தால் அந்த விதியை மாற்ற முடியாது. மே முதல் அக்டோபர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகு தூக்கித் தூக்கிப் போடும். அப்போது முன்பக்கத்தைத் தவிர்த்துப் பின்பக்கம் உட்கார்ந்தால் அதிர்ச்சி குறைவாக இருக்கும். படகானாலும் மிதவை விமானமானாலும், ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றில் காலெடுத்து வைத்து ஏற வேண்டியிருப்பதால், முழங்கால் வலியுள்ளவர்கள் கூட வருவதை ரிசார்ட்டுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் கைலாகு கொடுக்க ஆட்கள் நிற்பார்கள்.

கிரய விஷயத்தில்தான் பலரும் திகைத்துப் போகிறார்கள். அறை வாடகையில் இந்தப் பிரயாணச் செலவு பெரும்பாலும் சேர்ந்திராது. கடல் விமானத்தில் போய்வரப் பெரியவர் ஒருவருக்கு 400 டாலருக்கு மேல் ஆவது பல தீவுகளில் சாதாரணம். பிள்ளைகளுக்கு ஏறக்குறையப் பாதி. இதன்றி 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் தங்குவோருக்குப் பசுமை வரி நாளொன்றுக்குத் தலைக்கு 12 டாலர்; அதே வருஷம் ஜூலை முதல் சுற்றுலாச் சேவைகளின் மேலுள்ள வரி 17 சதவீதம். இருவர் நான்கு இரவு தங்கிவரப் போகும்போது, மலிவென்று தோன்றிய தூரத்துத் தீவு, போக்குவரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்துத் தீவைவிட அதிகமாகிவிடுவதுண்டு. ‘இரு வழிக்கும், ஒருவருக்கு, வரி உட்பட மொத்தம் எவ்வளவு?’ என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடல் விமானத்தில் இடம் பதிவு செய்வது பெரும்பாலும் ரிசார்ட்டின் மூலமாகவேதான். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், விமானத்தின் எண், இறங்கும் நேரம், பிள்ளைகளின் வயது இவ்வளவையும் சில நாட்கள் முந்தியே அனுப்பிவிட வேண்டும். விமான எண் அவர்களிடம் இருந்தால், தாமதமானாலும் அவர்களே அறிந்து மாற்று ஏற்பாடு செய்ய முயலுவார்கள். நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: மாலேயின் கடிகாரம் நம்முடையதற்கு அரை மணி பின்னால், ஆனால் பல ரிசார்ட்டுகள், விருந்தினருக்கு மாலை வெளிச்சம் நீளட்டும் என்று, தங்கள் தீவுக் கடிகாரத்தை மாலேக்கு ஒரு மணி முன்னால் வைத்திருக்கின்றன. திரும்பும் நாளில் சொல்லப்படும் நேரம் எந்தக் கடிகாரத்தின் நேரம் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளாவிட்டால் விபரீதமாகிவிடும்.

இவ்வளவு செலவுக்கு இயலாதவர்கள் மாலத்தீவையே கைவிட வேண்டியதில்லை. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009-க்குப் பிறகு வழி திறந்தது. மாஃபூஷி போன்ற தீவுகளுக்குக் குறித்த நேரத்தில் போகும் ஸ்பீட் போட் உண்டு, அதிலும் குறைந்த கட்டணத்தில் மாலேயிலிருந்து நிதானமாகப் போகும் ஃபெரிப் படகும் உண்டு. ஃபெரிப் படகு வெள்ளிக்கிழமைகளில் சாதாரணமாக ஓடாதாகையால், வந்திறங்கும் கிழமையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தீவுகளில் பள்ளிக்கூடமும் மசூதியும் மீனவர் வீடுகளும் உள்ள நிஜமான ஊரைப் பார்க்கலாம். உடையிலும் நடையிலும் அந்த ஊராரின் ஆசாரத்துக்கு மதிப்புக் கொடுத்து நடந்துகொள்வது நம் கடமை.

திரும்பும் பிரயாணத்துக்கும் இதே விதிகள்தான். விடிந்த பிறகே முதல் கடல் விமானம் கிளம்புமாதலால், காலை ஒன்பது மணிக்கு முன்னால் மாலேயை விட்டுப் புறப்படும் விமானத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் முதல் நாளே தீவை விட்டு வந்துவிட வேண்டியிருக்கும். பிற்பகல் விமானமே பொருத்தமானது. கடலுக்கடியில் ஸ்கூபா முக்குளிப்புக்குப் போகிறவர்கள், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்கு அவகாசம் கொடுக்காமல் ஆகாயத்தில் ஏறலாகாது. பல தரம் முக்குளித்தவர்களுக்கு 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டுமென்பது முக்குளிப்பு வைத்தியர்களின் ஆலோசனை. கடல் விமானம் தாழப் பறந்தாலும் அதுவும் விமானந்தான். அதன் புறப்பாட்டு நேரமோ முதல் நாள் சாயங்காலந்தான் தெரியவரும். ஆகையால் கடைசி முக்குளிப்பைப் புறப்படுவதற்கு முந்தின நாள் காலையோடு நிறுத்திக்கொண்டு, அந்தப் பிற்பகலைக் கரையோரத்து ஆழமில்லாத நீருக்கென்று வைத்துக்கொள்வது நல்லது.