2038 ஜனவரி 19-ல் கணினிகளுக்கு என்ன ஆகும்? காரணம் இந்த ஒரே ஒரு எண்தான்!

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அப்படி என்ன இருக்கு இந்த எண்ணில்?

31 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் வருவது இது. இது பகா எண் என்று 1772-ல் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர்.

கணினிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31-ல் அடங்கும் மிகப்பெரிய எண் இதுதான். பல கணினிகள் 1970 ஜனவரி 1-ல் இருந்து நொடிகளை எண்ணித்தான் நேரம் காட்டுகின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8.44-க்கு அந்தக் கணக்கு இந்த எல்லையைத் தொடும். அடுத்த நொடியே பழைய 32 பிட் கருவிகளில் தேதி 1901 டிசம்பருக்குத் தாவிடலாம்!

தீர்வு என்ன?

64 பிட்டுக்கு மாறுவதுதான். புதிய போன்களில் பெரும்பாலும் பிரச்னை இல்லை. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஓடும் இயந்திரங்களைத்தான் கவனிக்கணும்.