எதிராளியின் சீட்டைக் கணித்தல்

எதிராளியின் சீட்டைக் கணித்தல் என்பது ரம்மி, போக்கர் போன்ற சீட்டாட்டங்களில், எதிராளி ஆடும் முறையைக் கொண்டு அவரது கைச்சீட்டுகளை ஊகித்தறியும் திறன் ஆகும். ஒரு குறிப்பிட்ட சீட்டைச் சரியாகச் சொல்வது இதன் நோக்கமன்று. இருக்கக்கூடிய சேர்க்கைகளுள் பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குவதே இதன் அடிப்படை. தமிழ்நாட்டில் பரவலாக ஆடப்படும் பதின்மூன்று சீட்டு ரம்மி இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும்.

கணிக்கும் முறை

ரம்மியில் பொதுவாக இரண்டு கட்டுகள் பயன்படுவதால் ஒவ்வொரு சீட்டும் இரண்டு இருக்கும். நாம் இறக்கிய இஸ்பேட் 7ஐ அடுத்தவர் எடுத்தார் எனக் கொள்வோம். ஜோக்கரைத் தவிர்த்தால், அவரிடம் இஸ்பேட்டில் 5-6, 6-8, 8-9 ஆகியவற்றுள் ஓர் இணையோ, வேறு இரண்டு இனங்களின் 7களோ இருக்க வாய்ப்புண்டு. இஸ்பேட் 6 இரண்டும் நம் கையிலோ கீழேயோ இருப்பின் முதல் இரண்டு வழிகளும் அடைபடுகின்றன. எஞ்சுவன 8-9 இணையும் 7களின் தொகுதியும் மட்டுமே. ஆகவே இஸ்பேட் 10ஐயும் பிற 7களையும் இறக்காமல் வைத்திருப்பது நல்லது.

எடுக்காமல் விட்ட சீட்டும் சான்றாகும். போக்கரில் சீட்டு இறக்குதலுக்கு மாறாக, பந்தயத்தை உயர்த்துவதும் விலகுவதும் இச்சான்றைத் தருகின்றன.

வரம்புகள்

ஜோக்கர் எந்த இடத்தையும் நிரப்பும் என்பதால் கணிப்பு பிழைக்கலாம். தேர்ந்த ஆட்டக்காரர் வேண்டுமென்றே திசைதிருப்பும் வகையிலும் சீட்டை இறக்குவார். சீட்டுகள் எவ்வாறு விழும் என்பதை எக்கணிப்பாலும் மாற்ற இயலாது.

சட்டமும் திறனும்

இறங்கிய சீட்டுகளை நினைவிற்கொள்வதும், எதை வைத்து எதை இறக்குவது எனத் தேர்வதும் திறன் சார்ந்தவை என்பதால், ரம்மி மூன்று சீட்டு போல முற்றிலும் வாய்ப்பைச் சார்ந்த ஆட்டமன்று என 1967 இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது (ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே. சத்தியநாராயணா).

இணையவழி ஆட்டங்களில் பணமிழந்தோர் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022 இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. பின்னர் இயற்றப்பட்ட சட்டம் பணம் வைத்து ஆடும் இணையவழி ரம்மியையும் போக்கரையும் தடைசெய்தது. இவை திறன் ஆட்டங்கள் எனக் கூறி, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2025 இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறன், வாய்ப்பு என்ற வேறுபாடின்றி, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடைசெய்தது. திறன் உண்டு என்பது இழப்பு நேராது என்பதற்கு உறுதியன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

சீட்டாட்டம்
நிகழ்தகவு