துவைக்கும் எந்திரம் நின்று விட்டதா? முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள்!

துணி துவைக்கும் எந்திரம் திடீரென்று நின்று விட்டது!

துணி பாதிதான் துவைந்திருக்கிறது. தொட்டி நிறைய சோப்புத் தண்ணீர். பையனுக்குக் காலையில் பள்ளிச் சீருடை வேண்டும். மெக்கானிக்குக்குப் போன் செய்தால், "நாளைக்கு வர்றேன்க்கா" என்கிறார். பக்கத்தில் இருந்து மாமியார், "அப்பவே சொன்னேன், கேட்டியா? கல்லுல நாலு அடி அடிச்சா அழுக்குப் போகாதா?" என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். எந்திரம் கெட்டுப் போயிருக்க வேண்டும் என்பது இல்லை. பல வீடுகளில் கோளாறு எந்திரத்துக்கு உள்ளே இருப்பதே இல்லை. குழாயில் இருக்கிறது. பிளக்கில் இருக்கிறது. கணவரின் சட்டைப் பையில் இருக்கிறது!

ஆற்றங்கரையில் இருந்து வீட்டுக்கு...

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ம் ஆண்டு திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து அங்கிருந்து கொண்டு வரும் தண்ணீர், லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்க உதவுகிறது. பிறகு கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி என்று ஓடி, வைகையில் கலக்கிறது. பள்ளத்தாக்கில் 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு இதுதான் உயிர்.

ஊர்த் துணிகளும் இந்த ஆற்றிலும் வாய்க்கால் ஓரத்திலும்தான் வெளுத்தன. இன்றைக்கும் படித்துறையில் துவைப்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்கு வீடு எந்திரம் வந்து கொண்டிருக்கிறது.

அது ஆடம்பரம் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் விடியற்காலையில் கம்பம் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். இருட்டோடு எழுந்து சமைத்து வைத்து விட்டு, ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். மாலையில் சேறும் கறையுமாகத் திரும்புகிறார்கள். அந்தத் துணியை இரவில் யார் துவைப்பது? எந்திரம் நின்றால், அந்த அம்மாளின் தூக்கத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். மெக்கானிக் வந்து போனாலோ, ஒரு நாள் கூலியில் பெரும் பங்கு போய்விடும்!

சுவீடன் நாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். பெயர் ஹான்ஸ் ரோஸ்லிங். 1948-ல் பிறந்தவர். அவருக்கு 4 வயதானபோது வீட்டுக்குத் துவைக்கும் எந்திரம் வந்தது. அவருடைய பாட்டி ஒரு நாற்காலியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, துணி துவைந்து முடியும் வரை கண் கொட்டாமல் பார்த்தாராம்! எந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் அம்மா தனக்குப் புத்தகம் படித்துக் காட்டினார் என்று, 2010-ம் ஆண்டு ஒரு சொற்பொழிவில் ரோஸ்லிங் சொன்னார்.

சரி, நின்று போன எந்திரத்துக்கு வருவோம்.

முதலில் பிளக்!

எந்திரத்தில் விளக்கே எரியவில்லையா? அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் குற்றம் எந்திரத்தின் மேல் இல்லை. சுவர் பாயிண்டிலோ, பியூஸிலோ இருக்கிறது.

மின்சாரம் வந்தும் மோட்டார் முனகுகிறதா? மின் அழுத்தத்தைக் கவனியுங்கள். 230 வோல்ட் வர வேண்டும். 170, 180 என்று வந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறும்; சூடேறும். அப்படிப்பட்ட நேரத்தில் ஓட்டாமல் இருப்பது நல்லது.

தண்ணீர் வரவில்லையா?

முழு தானியங்கி எந்திரங்களில் அதிகம் கேட்கும் புகார் இது. "தண்ணியே பிடிக்க மாட்டேங்குது!"

குழாயை மூடுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். எந்திரத்தின் பின்னால் தண்ணீர்க் குழாய் திருகி இருக்கும் இடத்தைக் கழற்றுங்கள். உள்ளே விரல் நுனி அளவு ஒரு சிறு வலை தெரியும். அதுதான் வடிகட்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு கலங்கி வரும்போது, வண்டலும் பாசியும் அதில் வந்து அடைத்துக் கொள்ளும். ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். குறடால் மெதுவாக இழுத்து எடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு போகவில்லையா? எலுமிச்சை உப்புக் கரைத்த நீரில் சிறிது நேரம் ஊறப் போடுங்கள். (அதோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும்!) மறுபடி மாட்டுங்கள். செலவு? ஒரு காசு கிடையாது.

வடிகட்டி சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், மாடியை நிமிர்ந்து பாருங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. பல எந்திரங்களுக்குக் குறைந்தது 3 மீட்டர், அதாவது 10 அடி உயரத்தில் இருந்து தண்ணீர் இறங்க வேண்டும். சிலவற்றுக்கு 5 மீட்டர் வேண்டும். குளியல் அறைக் கூரை மேலேயே தொட்டியை வைத்திருப்பவர்கள் வீட்டில் எந்திரம் தவிக்காமல் என்ன செய்யும்? தொட்டியை உயர்த்த வேண்டும். அல்லது அழுத்தம் கூட்டும் சிறு பம்பு வைக்க வேண்டும். எந்திரத்தை மாற்றினால் தீராது.

தண்ணீர் போகவில்லையா?

தண்ணீர் வெளியேறாமல் நிற்கிறது என்றால், கழிவுக் குழாய் மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு தொட்டி உள்ள அரை தானியங்கி எந்திரத்தில், தண்ணீர் தானாக வடிய வேண்டும். ஆகவே குழாய் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். தூக்கி வைத்தால் வடியாது. முன்பக்கக் கதவு வைத்த எந்திரத்திலோ பம்பு இருக்கிறது. அதில் குழாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மாட்ட வேண்டும். தரையில் போட்டால், பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் ஓடிப் போய்விடும்! ஒன்றுக்குச் சரியானது மற்றொன்றுக்குத் தவறு. புது எந்திரம் வாங்கியவர்கள் பழைய பழக்கத்தில் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முன்பக்கக் கதவு எந்திரத்தின் அடியில், மூலையில், ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் இருப்பது பம்பின் வடிகட்டி. சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். கீழே தட்டும் பழைய துண்டும் வைத்து, மெல்லத் திருகுங்கள். உள்ளே என்னென்ன இருக்கும் தெரியுமா? ஒரு ரூபாய் நாணயம், கொண்டை ஊசி, சட்டைப் பித்தான், பஸ் டிக்கெட்டுக் கூழ், தோட்ட வேலைக்குப் போகிறவர் வீடாக இருந்தால் நாலு ஏலக்காயும்கூட! எல்லாம் சட்டைப் பையில் இருந்து வந்த விருந்தாளிகள்.

அரை தானியங்கியில், வெளியேற்றும் குமிழைத் திருப்பினால் ஒரு பட்டை அடியில் உள்ள ரப்பர் அடைப்பானைத் தூக்கும். பட்டை கழன்றால் தண்ணீர் போகாது. அடைப்பானில் நூல் சிக்கினால் தண்ணீர் நிற்காது.

சுற்றவில்லை, ஆனால் உறுமுகிறது!

இங்கேதான் காது வேண்டும்.

"ம்ம்ம்..." என்று உறுமல் கேட்கிறது, துவைக்கும் தட்டு சுற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கி விட்டு, தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகிப் போயிருந்தால் அடியில் கைக்குட்டையோ காசோ மாட்டியிருக்கும். இலேசாகச் சுற்றுகிறதா? அப்படியானால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அல்லது கெப்பாசிட்டர் பலம் இழந்திருக்கலாம். மோட்டாரைக் கிளப்பி விடுகிற சிறிய டப்பா அது. மோட்டார் எரிந்து விட்டது என்று பயப்படுகிறவர்களில் பலருக்கு, மாற்ற வேண்டியது இந்தச் சிறு டப்பாதான். ஆனால் அதை நீங்கள் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் உதறிவிடும். அது மெக்கானிக்கின் வேலை.

பிழியும் தொட்டி மட்டும் சுற்றவில்லையா? மூடி சரியாக மூடியிருக்கிறதா? மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்கும். மூடினால்தான் விடும். பிரேக்கை இழுக்கும் கம்பி துருப்பிடித்து அறுந்தாலும் தொட்டி நின்று விடும். அதன் அடியில் தண்ணீர் கசிந்தால் அலட்சியம் வேண்டாம். ரப்பர் சீல் தேய்ந்து விட்டது என்று பொருள். அந்தத் தண்ணீர் நேராக மோட்டாரின் தலையில் சொட்டும். இன்றைக்குச் சீலை மாற்றாவிட்டால், பின்னால் மோட்டாரையே மாற்ற நேரும்.

தடதடவென்று குதிக்கிறதா? ஒரே போர்வையைத் தனியாகப் போட்டிருப்பீர்கள். அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். வேறு துணிகளோடு கலந்து போடுங்கள். நான்கு கால்களும் தரையில் சமமாகப் படிகின்றனவா என்று அசைத்துப் பாருங்கள். வாங்கிய முதல் நாளே குதித்தால், முதுகில் உள்ள பெரிய திருகாணிகளைக் கழற்ற மறந்திருப்பார்கள். லாரியில் வரும்போது ஆடாமல் இருக்கப் போட்டவை அவை.

கதவு திறக்க மாட்டேன் என்கிறதா? இழுக்காதீர்கள்! துவைத்து முடிந்து ஓரிரு நிமிடம் கழித்துத்தான் பூட்டு விடும். அதற்குள் இழுத்துப் பிடியை உடைத்தவர்கள் ஏராளம்.

நுரை பொங்குகிறதா? கையால் துவைக்கும் தூளைப் போட்டிருக்கிறீர்கள். நுரை நிறைந்தால் பம்பு தண்ணீரைத் தள்ள முடியாது.

எலியும் ஒரு மெக்கானிக்!

பல எந்திரங்களின் அடிப்பாகம் திறந்தே இருக்கிறது. தோட்டமும் வயலும் சூழ்ந்த வீடுகளில் எலிக்கு அது நல்ல மாளிகை. ஒயரைக் கடித்து விட்டுப் போய்விடும். அடியில் கம்பி வலை போட்டால் தொல்லை விட்டது. இன்னொன்று: திராட்சைக்குப் பூச்சி மருந்து அடிக்கும்போது உடுத்திய துணியைக் குழந்தைகளின் துணியோடு போடக்கூடாது. தனியாக அலசி, தனியாகத் துவைக்க வேண்டும். தோட்டத்துச் சேற்றையும் முன்பே உதறி அலசி விட்டால், வடிகட்டி பிழைக்கும்.

"சுர்" என்றதா? நிறுத்துங்கள்!

எந்திரத்தைத் தொட்டால் விரலில் சுர் என்று ஏறுகிறதா? "அது எப்பவும் அப்படித்தான், செருப்புப் போட்டுக்க" என்று சொல்லி ஓட்டுகிற வீடுகள் உண்டு. இது விளையாட்டு அல்ல. ஈரத் தரை, ஈரக் கை, கசிகிற மின்சாரம் மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும்!

எந்திரத்தைத் தொடாமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கை உலர்ந்திருக்கட்டும். எலக்டிரீஷியன் வந்து பார்க்கும் வரை அதை யாரும் ஓட்டக்கூடாது.

மூன்று முனை பிளக்கில் பெரிய முனைதான் எர்த். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவது அது. இரண்டு ஓட்டை பாயிண்டில் நுழையவில்லை என்று அந்த முனையை ஒடித்து விடுகிறார்கள். காவல்காரனைத் துரத்தி விட்டுக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குவது போல! வீட்டின் எர்த் குழி கோடையில் வறண்டு போகும். சித்திரை, வைகாசியில் அதில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். மெயின் போர்டில் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றும் இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கடையில் தெரியும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு உள்ளதை வாங்குவார்கள். அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உடனே கரண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவியை மாற்றுங்கள்.

மெக்கானிக் வந்தால்...

மேலே சொன்னதை எல்லாம் பார்த்த பிறகு கூப்பிட்டால், "ஓடலை" என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள். "தண்ணீர் பிடிக்குது, உறுமுது, ஆனா தட்டு சுத்தலை அண்ணே" என்பீர்கள். அவரும் வேண்டிய சாமானோடு வருவார். இரண்டு நடை ஒரு நடையாகும். முகப்பில் எழுத்தும் எண்ணும் மின்னினால் அதையும் எழுதி வைத்துச் சொல்லுங்கள்; கம்பெனிக்குக் கம்பெனி அதன் பொருள் மாறும். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். ரசீதும் வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியாத எந்திரத்தை வெளி ஆளை வைத்துத் திறக்காதீர்கள்; உத்தரவாதம் போய்விடும்.

உத்தரவாதம் இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சென்னைக்கோ, கம்பெனி இருக்கும் ஊருக்கோ அலைய வேண்டியது இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. வாங்கிய அன்று கடையில் கொடுத்த ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.