மக்கள் தொகை ஆராய்ச்சியும் கிராமப் பதிவேடும்

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்குச் செல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். கொட்டகைதோறும் ஒரு கணக்கேடு இருக்கும். அன்று இறந்த கோழிகள் எத்தனை, இட்ட முட்டைகள் எத்தனை, தின்ற தீவனம் எவ்வளவு என்பவை அன்றன்றே அதில் ஏறிவிடும். இறப்பு சற்று மிகுந்தாலும் உடனே காரணம் தேடுவார்கள். கோழிகளுக்கு இத்துணைக் கருத்துடன் கணக்கு எழுதும் நாம், நம் குழந்தைகளுக்கு எழுதுகிறோமா? கேள்வி கசப்பானதுதான். எனினும் இச்சமவெளியில் வாழும் நாம் அதைக் கேட்டே ஆகவேண்டும்.

கணக்கு காட்டிய குறை

1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேரே இருந்தனர். மாநிலச் சராசரியோ 948. மறு ஆண்டே, 1992இல், தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பெற்றது. மாவட்டம் 1997இல் பிரிக்கப்பட்ட பின், சேலத்தின் விகிதம் 2001இல் 851 ஆகவும், 2011இல் 916 ஆகவும் இருந்தது. முன்னேற்றந்தான், ஆயினும் மாநிலச் சராசரியை அது எட்டவில்லை.

பகுப்பாய்வாளரின் பணி

இத்தகைய எண்களின் பொருளை ஆராய்வோரே தரவுப் பகுப்பாய்வாளர்கள். மும்பையில் 1956இல் நிறுவப்பெற்ற மக்கள் தொகை ஆராய்ச்சி நிலையத்திலும், காந்திகிராமத்து ஆராய்ச்சி மையத்திலும், பல்கலைக்கழகத் துறைகளிலும் இவர்கள் பணியாற்றுகின்றனர். புள்ளியியலோ மக்கள் தொகையியலோ கற்றுக் கணினியின் துணையால் ஆய்வு செய்பவர்கள் இவர்கள்.

நெல்லை அளக்குமுன் தூற்றுவது போல, இவர்கள் முதலில் விவரங்களைத் தூய்மை செய்கின்றனர். பெயர்களை நீக்கிக் குறியீட்டெண் இடுகின்றனர். ஒரே பிறப்பு இருமுறை பதிவாகியுள்ளதா, இறந்த நாள் பிறந்த நாளுக்கு முந்தியதாக இருக்கிறதா என்று பார்க்கின்றனர். பலருடைய வயது 30, 35, 40 என்றே குவிந்திருந்தால், கேட்டு எழுதாமல் உத்தேசமாக எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுகொள்கின்றனர்.

அடுத்தது தற்செயலைப் பிரித்தறிதல். ஒரு சிற்றூரில் ஓராண்டில் பிறந்த 20 குழந்தைகளில் ஆண் 12, பெண் 8 எனின், அது தற்செயலாக இருக்கலாம். அவ்வூரைக் குறை கூறுதல் தகாது. 20,000 பிறப்புகளிலும் அதே விகிதம் எனின், அது தற்செயல் அன்று. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதனின்று பெரிதும் விலகினால் ஏதோ நடந்திருக்கிறது.

ஒரு குறை, மூன்று காரணங்கள்

குறைந்த பெண் குழந்தைகள் என்ன ஆயினர்? கருவிலேயே கண்டறிந்து அழிக்கப்பட்டிருக்கலாம். பிறந்த பின் மடிந்திருக்கலாம். அல்லது உயிருடன் இருந்தும் ஏட்டில் ஏறாமல் விடப்பட்டிருக்கலாம். முதலாவதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் நிலையங்களைக் கண்காணித்தல் வேண்டும். இரண்டாவதற்குக் கிராம சுகாதார செவிலியர் பிரசவித்த வீட்டுக்கு அடிக்கடி செல்லுதல் வேண்டும். மூன்றாவதற்கு ஏட்டைத் திருத்தினால் போதும். காரணம் தவறாகக் கணிக்கப்பட்டால் மருந்தும் தவறிப்போகும்.

இதைப் பிரித்துக் காட்டுவது எப்படி? பிறப்பு விகிதத்தையும், பிறந்த சில நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகளையும் தனித்தனியே பார்க்கின்றனர். இயல்பாகப் பிறந்த முதல் மாதத்தில் ஆண் சிசுக்களே மிகுதியாக இறக்கின்றன. ஓரிடத்தில் பெண் சிசுக்களின் இறப்பு அதனினும் மிகுந்திருந்தால், அது நோயால் மட்டும் வந்ததன்று என ஐயுறுகின்றனர். 1997இல் ஷீலா ராணி சுங்கத், வி. பி. ஆத்ரேயா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைக் கொண்டே பெண் சிசுக் கொலை நிகழ்ந்த பகுதிகளை இனங்காட்டிற்று; சேலமும் அவற்றுள் ஒன்று. பதிவேட்டில் உண்மை எழுதப்பட்டிராவிடில் அவ்வாய்வு பிறந்திராது.

நம் கடமை

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. ஆகவே இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கிராமப் பதிவேட்டின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்துள்ளது. மாத முடிவில் படிவங்களை அவசரமாக நிரப்பியனுப்பிய குற்றம் எமக்கும் உண்டு. காலியாக இருந்த கட்டத்தில் சென்ற மாத எண்ணையே எழுதியபோது, அதன் பின்னால் ஒரு குழந்தை நிற்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

பெற்றோர் பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அலுவலர் வயதைக் கேட்டு எழுத வேண்டும். இறந்த குழந்தையை இறந்ததாகவே பதிய வேண்டும். ஊரின் பெயர் கெடும் என்று மறைத்தல் கூடாது. மறைத்தால் பெயர் தப்பலாம். அடுத்துப் பிறக்கும் பெண் குழந்தை தப்பாது. பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர் நம் ஊரைக் கண்டதில்லை. நாம் எழுதும் வரியே அவருக்குக் கண். அக்கண்ணைத் தெளிவாக வைத்திருத்தல் நம் பொறுப்பு.