மலையேறும் பழைய ஜீப் வெடிக்கிறதா? சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

முந்தலைத் தாண்டி போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது 'டப், டப்' என்று வெடிக்கும் பழைய பெட்ரோல் ஜீப்பை ஏலத்தோட்டக்காரர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். வில்லிஸ் உரிமத்தில் மகிந்திரா தயாரித்த சி.ஜே.3பி போன்ற வண்டிகளைத்தான் சொல்கிறோம். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டிகளில் இன்று டீசல்தான் அதிகம். டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது, அதனால் இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

வண்டி வெடித்தால் முதல் வேலையாகக் கார்புரேட்டரைக் கழற்றுவது வழக்கமாகிவிட்டது. தேவையில்லாத செலவு அது. சத்தம் முன்னால் கார்புரேட்டரில் வருகிறதா, பின்னால் சைலன்சரில் வருகிறதா என்று முதலில் கவனியுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முன்னால் வெடித்தால்

பெரும்பாலும் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம். காற்று அதிகமான கலவை மெதுவாக எரியும். இன்லெட் வால்வு மறுபடி திறக்கும்போதும் உள்ளே தீ மிச்சம் இருந்தால், அது கார்புரேட்டர் வாய் வழியாகத் துப்பும். சோதிப்பது சுலபம். வெடிக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வெடிப்பு குறைந்தால் பெட்ரோல் பற்றாக்குறைதான். பில்டர் அடைப்பு, பம்பின் ரப்பர் கிழிசல், மேனிபோல்டு கேஸ்கட்டில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டர் பழைய பெட்ரோலுக்கு அளவு வைத்தது, இதில் கலவை இன்னும் மெலிந்துவிடும். பழைய ரப்பர் குழாய்களும் இளகும். இதைவிடத் தொல்லை தண்ணீர். மழைக்காலத்தில் பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டியில் பனி ஈரம் உள்ளே இறங்கும். எத்தனால் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்க்கைக் காலி செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பின்னால் வெடித்தால்

எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே பற்றுகிறது. போடியிலிருந்து மெட்டுக்குச் சுமார் 1,000 மீட்டர் ஏறுகிறோம். மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் கார்புரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கலவை கெட்டியாகும், பிளக் கரி பிடிக்கும். சைலன்சர் இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், இறக்கத்தில் காலை எடுத்தவுடன் வெடிக்கும்.

இன்னொன்று ஓட்டுநரின் பழக்கம். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து இறக்கத்தில் சாவியை அணைப்பார்கள். இன்ஜின் கியரில் சுற்றிக்கொண்டே எரியாத பெட்ரோலை சைலன்சருக்குள் தள்ளும். கீழே வந்து சாவியைப் போட்டதும் பெரிய வெடி, சைலன்சர் கிழியவும் செய்யும். நியூட்ரலில் விட்டால் அதைவிட மோசம். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் டிரம் பிரேக் சூடேறி வழுக்கும், பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கிழிந்த சைலன்சரோடு கோடையில் காட்டுப் பாதையில் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றம் போனவர்கள் பலர் உயிரிழந்தனர். அது ஜீப்பால் வந்த தீ என்று சொல்லவில்லை. காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை நம் ஊர் அன்று பார்த்தது.

முன்னும் பின்னும் வெடித்தால்

தீப்பொறிப் பக்கம் பாருங்கள். பனியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் படிந்தாலோ மயிரிழை விரிசல் விட்டாலோ பொறி வேறு சிலிண்டருக்குத் தாவும். இருட்டிய பிறகு திறந்த வெளியில் இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், ஒயர்களில் நீல நிறத்தில் பொறி ஓடினால் அவற்றை மாற்ற வேண்டும். சர்வீஸுக்குப் பிறகு வெடிக்கத் தொடங்கியிருந்தால் பிளக் ஒயர் மாறியிருக்கலாம். பொறி வர வேண்டிய வரிசை 1-3-4-2.

சி.ஜே.3பி-யின் ஹரிக்கேன் இன்ஜினுக்குப் பாயிண்ட் இடைவெளி 20 தவ், அதாவது 0.5 மி.மீ. பிளக்குக்கு 30 தவ். டைமிங் மேல்புள்ளிக்கு 5 டிகிரி முன்னால். பாயிண்ட் கருகிக் கிடந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஏற்றத்தில் வெடித்தால் டேப்பட்டைப் பாருங்கள். இந்த இன்ஜினில் இன்லெட் வால்வு மேலே, எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில். குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 18 தவ், எக்ஸாஸ்டுக்கு 16 தவ். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று இறுக்கி வைத்தால் வால்வு முழுதாக மூடாமல் தீய்ந்துவிடும். கம்ப்ரஷன் சோதித்து, ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் ஹெட் இறக்கும் வேலைதான்.

சோதிக்கும்போது ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் வாய்க்குள் குனிந்து பார்க்காதீர்கள். துப்பும் தீ முகத்தில் அடிக்கும். பக்கத்தில் ஈரச்சாக்கு இருக்கட்டும், பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றக் கூடாது. வேலை முடிந்ததும் வெறும் வண்டியாக ஒருமுறை மெட்டு வரை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆட்களை ஏற்றுங்கள்.